முதல் தந்தியின் மந்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதித் தொடங்குவதுதான் வழக்கம். இந்தத் தடவை முதல் பாதி முக்கால்வாசி உண்மை, இரண்டாம் பாதி எனக்குத் தெரியவில்லை, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கடிதம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ தெருவில் நடந்துகொண்டே கூப்பிட்டாய். நீ ஒன்று சொன்னாய், நான் ஒரு பதில் சொன்னேன், நீ சரிம்மா வைக்கிறேன் என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு நீ கூப்பிடவே இல்லை. முகம் பார்த்துப் பேசலாம் என்றால் கேமரா சரியில்லை என்கிறாய். அன்று என்ன சொன்னாய் என்று செய்தி அனுப்பிக் கேட்டேன், ஒண்ணுமில்ல விடு என்று பதில் வந்தது. நீ சொன்னதை நான் தப்பாகக் கேட்டிருக்கிறேன் என்று இப்போது நினைக்கிறேன். அலட்சியத்தால் இல்லை, காதால். அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று சொல்வதற்கு கிடாரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. உன் அம்மா சுற்றி வளைத்துப் பேசுகிறவள் இல்லை என்பது உனக்குத் தெரியும், இதற்கு வேறு வழி இல்லாததால் பொறுத்துக்கொண்டு படி.

அலமாரி மேல் இருந்ததே கறுப்புப் பெட்டி, சின்ன வயதில் நீ அதன் மேல் துணி விரித்து பொம்மைகளுக்கு ஆஸ்பத்திரி நடத்துவாய், அதை இறக்கினேன். நான் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது வாசித்தது, நீ பிறந்த பிறகு தொட்டதில்லை. உன் மேல் பழி போடவில்லை, கைகள் இரண்டு, வேலை பத்து, கிடார் தானாக மேலே போய்விட்டது. நீ கல்யாணமாகி அந்த ஊருக்குப் போன பிறகு மாலையில் எனக்கும் அப்பாவுக்கும் பேச விஷயம் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. அவர் டிப்போவில் எந்தப் பஸ் தாமதம் என்று சொல்வார், நான் ஆய்வகத்தில் எந்தப் பகுதித் தண்ணீர் கலங்கல் என்று சொல்வேன், அவ்வளவுதான் எங்கள் உலகச் செய்தி. ஒருநாள் அவரே ஏணி போட்டுப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, சோபாவில் வைத்துவிட்டுப் போய்விட்டார். திறந்தால் தந்திகள் தொட்டவுடன் அறுந்தன. முறுக்குகிற சாவிகளில் இரண்டு துருப்பிடித்து அசையவில்லை. மேல்பலகையில், அடி விளிம்பிலிருந்து மரத்தின் ரேகையோடு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது, தலைமுடி அளவுதான், நகத்தை வைத்தால் தட்டுப்படும்.

பழுது பார்க்கிறவர் கடை ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கிறது. படி ஏறும்போதே ரப்பர் நாற்றமும் மரப்பசை நாற்றமும் கலந்து அடிக்கும். ஆள் முப்பது வயதுக்காரர், வாய் ஓயாது. முதல் தடவை என்னை ஆண்ட்டி என்றார், சாவிகள் ஆறையும் புதிதாகப் போடச் சொன்னதும் மேடம் ஆனேன், அதற்கு மேலும் போனபோது அக்கா ஆகிவிட்டேன். இன்னும் நாலு தடவை போயிருந்தால் ரேஷன் கார்டில் பெயர் சேர்த்திருப்பார். வெடிப்பைப் பசை விட்டு இறுக்கி, உள்பக்கம் சின்னச் சின்ன மரத்துண்டுகள் ஒட்டி, புது நைலான் தந்தி கட்டிக் கொடுத்தார். "பெட்டி நல்ல பெட்டிதான், தூக்கம்தான் ஜாஸ்தி, வாசிக்க வாசிக்க முழிச்சுக்கும்" என்றார். இந்த மாதிரிப் பேச்சில் எனக்கு நம்பிக்கை கிடையாது, ஆனாலும் தினமும் வாசித்தேன். இடது கை விரல் நுனிகள் முதலில் கன்றிச் சிவந்து, பிறகு தோல் உரிந்து, பிறகு காய்த்தன. வலது கை நகங்களை வளர்த்தேன், அதனால் ஆய்வகத்தில் என் வலது கையுறைகள் மட்டும் கிழிந்துகொண்டே இருந்தன. மேற்பார்வையாளர் அம்மா கையுறைப் பெட்டியைப் பார்த்துவிட்டு, இடது கைக்கு மட்டும் இவ்வளவு மிச்சமா, யாரையாவது ஒற்றைக் கையால் கழுத்தை நெரிக்கிறீர்களா என்று கேட்டார். மறந்துபோயிருக்கும் என்று நினைத்த பாடங்களை விரல் நினைவு வைத்திருந்தது. அந்த ஒரு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதலாம், பொய்யாகாது.

ஒரு குறைதான். முதல் தந்தி, மெல்லியது, மேல் சுரம் வாசிப்பது, அது மட்டும் மந்தமாக இருந்தது. போர்வைக்குள் இருந்து யாரோ பேசுவது போல. அடித்தந்தி மூன்றும் கணீரென்று வந்தன, முதல் தந்தி வரவில்லை. பழைய நாளில் அந்தத் தந்தியில் நகம் பட்டால் ஒரு வெளிச்சம் மாதிரி இருக்கும், அதைத்தான் தேடினேன். திரும்பக் கடைக்குப் போனேன். அவர் வாசித்துப் பார்த்துவிட்டு, மந்தமா, நல்லாத்தானே இருக்கு என்றார். நான் இல்லை என்றேன். வாங்க வந்தவள் சொல்லும்போது விற்கிறவர் ஏன் மறுக்கப் போகிறார். அடிப்பக்கம் தந்திகள் ஏறி உட்காருகிற வெள்ளைத் துண்டு பிளாஸ்டிக்காம், அதை எலும்பில் இழைத்துப் போட்டால் கணீரென்று ஆகுமாம், போட்டார். மந்தம் போகவில்லை. நைலானை எடுத்துவிட்டு கார்பன் தந்தி போடலாம், அது கூர்மை என்றார், போட்டார். போகவில்லை. நகத்தைக் கொஞ்சம் குறைத்து, அரத்தால் விளிம்பைத் தீட்டி வாசித்தால் சத்தம் கூராகும் என்றார், தீட்டினேன். ஆய்வகத்தில் ஒரு கருவி காட்டுகிற அளவு சந்தேகமாக இருந்தால், அளவு தெரிந்த கரைசலை வைத்துக் கருவியைத்தான் முதலில் சோதிப்போம். இருபது வருஷமாகப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதே அது. இங்கே கருவி எது என்று எனக்குத் தோன்றவே இல்லை. கடைசியாகப் போனபோது அவர் ஒரு தடவை மீட்டிவிட்டு முகத்தைச் சுளித்துக்கொண்டார். "அக்கா, இதுக்கு மேல கூர்மை வேணும்னா கண்ணாடிலதான் ஸ்ட்ரிங் போடணும். எனக்கே பல்லு கூசுது" என்றார். வேலையில் சலிப்பு வந்துவிட்டது இவருக்கு என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

அந்த வாரம் மாடி வீட்டுப் பெண் வந்தாள், கைக்குழந்தைக்காரி, தயங்கித் தயங்கி நின்றாள். தப்பா நினைக்காதீங்க, சாயந்திரம் விசில் மாதிரி ஒண்ணு வருதே, குழந்தை தூங்கினா அதிலேயே முழிச்சுக்குது, கொஞ்சம் ஜன்னலைச் சாத்திக்கிட்டு வாசிக்க முடியுமா என்றாள். விசிலா என்று கேட்டேன். ஆமா, காதைக் குத்துற மாதிரி என்று சொல்லிவிட்டு, நல்லாத்தான் வாசிக்கிறீங்க என்று மரியாதைக்குச் சேர்த்துக்கொண்டாள். அவள் போன பிறகு அப்பாவிடம் கேட்டேன். அவர் செய்தித்தாளை மடிக்கவில்லை. கொஞ்சம் கீச்சுன்னு இருக்கு, பரவாயில்ல என்றார். பரவாயில்லை என்றால் எவ்வளவு பரவாயில்லை என்று நான் விடவில்லை. சட்டைப்பையிலிருந்து இரண்டு பஞ்சு உருண்டைகளை எடுத்து மேசை மேல் வைத்தார். ஏன் சொல்லவில்லை என்றால், "நீ வாசிக்கிறியேன்னு விட்டுட்டேன்" என்றார். ஊரே காதைப் பொத்திக்கொண்டிருக்கிற சத்தம் எனக்கு மட்டும் மந்தம். பாப்பா, இதற்கு மேல் யோசிக்கப் படிப்பு தேவையில்லை.

யோசித்தபோது மற்றதெல்லாம் வரிசையாக வந்தது. நாங்கள் சித்தப்பா வீட்டுக்குக் கிளம்பிய அன்று அப்பா தெருமுனையிலிருந்து, வீட்டைப் பூட்டிட்டியா என்று கத்தியிருக்கிறார், நான், காலையிலேயே கூட்டிட்டேன் என்று பதில் சொல்லியிருக்கிறேன். இரவு திரும்பினால் கதவு திறந்து கிடக்கிறது. உள்ளே ஒரு குப்பை இல்லை, திருடன் வந்திருந்தால் காலணியைக் கழற்றிவிட்டுத்தான் போயிருப்பான் என்று சித்தப்பா இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். நானும் சிரித்தேன். ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரிகளைச் சூட்டில் வைக்கிற அடைகாப்புப் பெட்டியின் மணி அடிப்பதை நான் கவனிப்பதில்லை என்று மேற்பார்வையாளர் இரண்டு தடவை சொன்னார், மணி கெட்டுவிட்டது என்று நான் புகார் எழுதிக் கொடுத்தேன். குக்கர் விசில் எண்ணுவதை எப்போது விட்டேன் என்றே நினைவில்லை, அடிப்பிடித்த வாசனை வந்தால் போய் இறக்குகிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று யாரையாவது சொல்லும்போது அந்தச் செவிடனுக்குத் தான் செவிடன் என்று தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் சொல்கிறோம். தெரியாது. இல்லாத சத்தம் இல்லை என்று எப்படித் தெரியும்.

காது மருத்துவமனையில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை, இன்னும் தொடங்கவில்லை என்று நினைத்துக் காத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோதிக்கிற பெண் என்னைப் பார்த்த பார்வையில்தான் அது நடந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்தது. பிறகு சொற்கள். அவள் வாயைத் தாளால் மறைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்வாள், நான் திருப்பிச் சொல்ல வேண்டும். பல் என்றாள், கல் என்றேன். பத்து என்றாள், கத்து என்றேன். அடித்தொண்டைச் சொற்கள் எல்லாம் சரியாக வந்தன. முடிந்த பிறகு எந்தெந்தச் சொல் தவறு என்று காட்டுங்கள் என்று கேட்டேன், பழக்கதோஷம், எண்ணிக்கையை மட்டும் சொன்னால் எனக்குப் போதாது. மெல்லிய சத்தங்கள் போய்விட்டதால் 'இ' வருகிற இடத்தில் எனக்கு 'உ' கேட்கிறதாம். "பிரின்னு சொன்னேன், நீங்க புரின்னு சொன்னீங்க. ரெண்டு தடவை சொன்னேன், ரெண்டு தடவையும் புரிதான்" என்றாள். அவளுக்கு அது ஒரு சோதனைச் சொல். நான் அவள் காட்டிய தாளில் அந்த ஒரு சொல்லின் மேலேயே விரலை வைத்துக்கொண்டிருந்தேன், தலைசுற்றலா என்று கேட்டாள், ஆமாம் என்றேன்.

அன்று நீ சொன்னதாக எனக்குக் கேட்டது இது. அம்மா, நாங்க ரெண்டு பேரும் உட்கார்ந்து பேசினோம், புரிஞ்சுக்கிட்டோம், அப்பாகிட்ட இப்போ சொல்லாதே. உங்களுக்குள் ஒரு வருஷமாகச் சண்டை என்று எனக்குத் தெரியும், அதனால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான், "ரொம்ப நல்லதும்மா, இதை எப்பவோ செஞ்சிருக்கணும்" என்றேன். நல்ல செய்தியை ஏன் அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்கிறாய் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். மாப்பிள்ளை பற்றிய பேச்சில் உனக்குக் கூச்சம் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டேன். மருத்துவமனையிலிருந்து வந்து அந்த வாக்கியத்தில் ஒரே ஒரு எழுத்தை மாற்றிப் பார்த்தேன். மாற்றினால் அது அப்பாவிடம் சொல்ல வேண்டாத செய்தியாகிவிடுகிறது. நம் பேச்சில் பிள்ளையைப் புள்ளை என்கிறோம், பிடியைப் புடி என்கிறோம், பாதியை நாக்கே தின்றுவிடுகிறது, மீதியை என் காது தின்றிருக்கிறது.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு முடிவுக்கு வருகிறவள் இல்லை நான், அதனால் உன் செய்திகளை எடுத்துப் படித்தேன். முன்பெல்லாம் சாப்பிட்டோம், கடைக்குப் போனோம், தூங்கப் போகிறோம் என்று எழுதுவாய். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சாப்பிட்டேன், போனேன், தூங்கப் போகிறேன். ஒரு 'ஓம்' கூட இல்லை. சாப்பிட்டேன் என்பது கூட எவ்வளவு நிஜம் என்று எனக்குத் தெரியவில்லை. என்னிடம் அதைச் சொல்ல நீ எத்தனை நாள் தயங்கியிருப்பாய், தெருவில் நடந்துகொண்டு சொன்னது வீட்டில் சொல்ல முடியாததால்தான் என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு உன் அம்மா ரொம்ப நல்லது என்றாள். எப்பவோ செய்திருக்க வேண்டும் என்றாள்.

டாக்டர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன், நீ பிறகு யாரிடமாவது கேட்டுக் கலங்க வேண்டாம். வயதுக்கு முன்னால் வந்த மந்தம், நரம்பு சம்பந்தப்பட்டது, போனது திரும்பாது, இருப்பதும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையலாம். அவரும் அதே மந்தம் என்ற சொல்லைத்தான் சொன்னார், நான் கடைக்காரரிடம் தந்திக்குச் சொன்ன அதே சொல். காதுக்கு மிஷின் வைத்துக்கொண்டால் நேரில் பேசுவது ஓரளவு தெளியும், தொலைபேசி சந்தேகம், இசைக்கு அவர் உத்தரவாதம் தர மாட்டாராம். ஒரு வாரம் வைத்துப் பார்க்கக் கொடுத்தார்கள். அப்பா மூக்கை உறிஞ்சுவது பக்கத்தில் யாரோ துணி கிழிப்பது போல் கேட்டது. கிடார் தகர டப்பாவில் ஆணி போட்டுக் குலுக்கியது போல் கேட்டது. திருப்பிக் கொடுத்துவிட்டேன், வேறு மாதிரி வரவழைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள், பார்க்கலாம். கிடாரில் பழையபடி நைலான் தந்தி கட்டச் சொன்னேன், அப்பா நேரே எதிரில் உட்கார்ந்து பஞ்சு இல்லாமல் கேட்டார், முகம் மலர்ந்துதான் இருந்தது. ஆனால் இன்னொருவர் சாப்பிடுவதைப் பார்த்து நம் வயிறு நிறையாது. மறுநாள் கிடாரை விற்கச் சொல்லிக் கடையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டேன். கடைக்காரர், இப்பத்தான்க்கா இது முழிச்சிருக்கு, இப்பப் போய் விடுறீங்களே என்றார். முழித்ததை வாங்கிக்கொள்ள யாராவது வருவார்கள். நகங்களை வெட்டிவிட்டேன், கையுறை கிழிவதில்லை. அலமாரி மேல் கிடார் இருந்த இடத்தில் அப்பா இஸ்திரிப் பெட்டியை வைத்திருக்கிறார். இதில் ஆறுதல் சொல்ல எதுவும் இல்லை, நீ தேடி எழுதவும் வேண்டாம்.

எனக்கு வேண்டியது வேறு. நீ அன்று சொன்னது 'பு' என்றால் இந்தக் கடிதத்தை இரண்டு பேரும் படித்துச் சிரித்துவிட்டுப் போங்கள், வீட்டைப் பூட்டாமல் கூட்டின கதையோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 'பி' என்றால், நான் ரொம்ப நல்லது என்றது அந்தச் சொல்லுக்கு இல்லை. அந்தச் சொல்லுக்கு நான் இன்னும் பதிலே சொல்லவில்லை. என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்துப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் இல்லை. எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்க மாட்டேன், சரியாகும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. யார் மேல் தப்பு என்று கேட்டிருக்க மாட்டேன். இப்போது எங்கே தூங்குகிறாய், அந்த வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது, கூட யாராவது இருக்கிறார்களா என்று கேட்டிருப்பேன். பிறகு இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்திருப்போம், அது நமக்கு வரும். நேரில் சொல்லியிருந்தால் தப்பு நடந்திருக்காது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன், 'பி' சொல்லும்போது உதடு விரிகிறது, 'பு' சொல்லும்போது குவிகிறது. வரத் தோன்றினால் வா, உன் அறையில் அப்பாவின் பழைய செய்தித்தாள்கள் கிடக்கின்றன, எடுத்துவிடலாம். வரத் தோன்றவில்லை என்றால் கட்டாயப்படுத்த மாட்டேன். அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, நீ சொல்ல வேண்டாம் என்றது மட்டும் எனக்குச் சரியாகக் கேட்டிருக்கிறது.

மறக்காமல் ஒன்று செய், காதைச் சோதித்துக்கொள். இது குடும்பத்தில் வழிவழியாக வருகிற விஷயமாக இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார், காதில் சொருகிக்கொண்டு பாட்டுக் கேட்கிறாயே அதைக் குறை. வேளைக்குச் சாப்பிடு, கதவைப் பூட்டிக்கொண்டு தூங்கு. நீ எந்தப் பக்கம் போனாலும் உன் கால் தடுமாறாமல் இருக்கட்டும், அதுதான் என் ஆசீர்வாதம், அப்பாவுடையதும் இதில் சேர்த்தி. கூப்பிடாதே, செய்தியும் அனுப்பாதே, நீ அவசரத்தில் எப்போதும் எழுத்தைத் தப்பாக அடிப்பாய். ஒரு தாளில் அந்த ஓர் எழுத்தை மட்டும் உன் கையால் எழுதி உறையில் போட்டு அனுப்பு. ஒன்றுக்குக் கோடு மேலே வளையும், ஒன்றுக்குக் கீழே இறங்கும். கண் எனக்கு இன்னும் நன்றாக இருக்கிறது.

இப்போதைக்கு எழுத்தை மட்டும் நம்புகிற,
உன் அம்மா